டெஸ்ட் எல்லாம் நார்மல், பயம் மட்டும் அப்படியே: அடுத்து எந்த வழி?

"ஈசிஜி எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. இனி என்ன செய்ய?" இந்தக் கேள்வியை இந்த வருடம் மட்டும் ஆறேழு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சிடி ஸ்கேன் எடுத்துவிடலாமா என்கிறார். இன்னொருவர் இதயத்துடிப்பு காட்டுகிற வாட்ச் வாங்கலாமா என்கிறார். வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு அக்கா, மனநல டாக்டரிடம் போனால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்பதிலேயே எட்டு மாதமாக நிற்கிறார். சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான், கையில் இருக்கிற காசையும் நேரத்தையும் எதில் போடுவது? இந்த வழிகளில் முக்கால்வாசியை நானே காசு கொடுத்துப் பார்த்தவள், அதனால் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 44. என் பயத்துக்கு ஒரு ஊற்று உண்டு. அம்மாவுக்கு 57 வயதில் ஒரு சாயங்காலம் தாடையும் முதுகும் வலித்தது, வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு வலி என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாயுதாம்மா, சுக்குத்தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொன்னது நான். விடிகிற நேரத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அப்புறம் ஒரு வருடம் மாடிப்படி ஏறாமல் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரு ஏப்பம் திரண்டாலும் அது வாயு இல்லை.

## யாருக்கு இது இல்லை

ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு இது இல்லை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, ஒரு ஈசிஜி, கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும், இவற்றை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி இரண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், பெண்களிடம் இது நிறைய. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அது தனிக் கணக்கு. நம் ஆட்களுக்கு இதய நோய் மேல்நாட்டுக்காரர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதும் உண்மை, அதனால் "எல்லாம் உன் மனப்பிராந்தி" என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் தலையாட்டுவதில்லை.

அப்புறம் இதுவும். நெஞ்சை அமுக்குகிற, இறுக்குகிற வலி பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, துணி நனைய வியர்க்கிறது, மூச்சுத் திணறுகிறது, மயக்கம் வருகிறது என்றால் படிப்பதை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்கிற வலி புதிதாகத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், அது உட்கார்ந்திருக்கும்போதும் வர ஆரம்பித்தால் அதுவும் 108 கணக்குதான். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்கல் என்றும் வரலாம். நம்ம பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

இதெல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, ஆறு மாதத்துக்கு மேலாகப் பயம் மட்டும் குடியிருக்கிறது என்பவர்களுக்குத்தான் மீதி.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். முதலாவது, உண்மையிலேயே ஏதாவது இருந்தால் இந்த வழி அதைப் பிடிக்குமா. இரண்டாவது, இது தருகிற நிம்மதி எத்தனை நாள் தாங்கும். மூன்றாவது செலவு, பில்லில் இருப்பது மட்டும் இல்லை, திருநெல்வேலிக்குப் போய்வருகிற பஸ், கடை அடைத்த நாள், தீபாவளி நேரத்தில் தைக்காமல் விட்ட ஜாக்கெட், வீட்டுக்காரரின் பொறுமை எல்லாம் சேர்த்து. நான்காவது, அம்பாசமுத்திரத்திலோ ராதாபுரத்திலோ இருந்துகொண்டு வருடக்கணக்கில் இதைச் செய்ய முடியுமா, ஏனென்றால் இந்தப் பயம் ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை.

ஐந்தாவதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இதைச் செய்தால் என் நடமாட்டம் கூடுகிறதா, குறைகிறதா? எங்கள் குடும்பம் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்க் குடில் போட்டுத் தங்குகிற குடும்பம். ஆறு வருடமாக நான் போகவில்லை. கேட்டால் கடையில் வேலை என்பேன். உண்மையான காரணம், காட்டுக்குள்ளே நெஞ்சு வலித்தால் கீழே இறங்கி வர எவ்வளவு நேரமாகும் என்கிற கணக்கு. எந்த ரிப்போர்ட்டிலும் இந்த ஆறு ஆடி அமாவாசையும் வராது, ஆனால் இந்தப் பயம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று பார்த்தால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

## வழி 1: மறுபடி மறுபடி டெஸ்ட்

எல்லோரும் முதலில் போவது இங்கேதான், நானும். ஐந்து வருடத்தில் ஈசிஜி 14, எக்கோ 4, டிஎம்டி 2, கடைசியில் ஒரு ஆஞ்சியோகிராம். ஃபைல்களை வைக்கவே தனியாக ஒரு கட்டைப்பை.

எந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது தெரியாமல்தான் நாம் எடுக்கிறோம். ஈசிஜி, நீங்கள் படுத்திருந்த அந்தப் பத்து வினாடியில் இதயத்தின் மின்சாரம் எப்படி ஓடியது என்பதன் படம். நாளைக்கு என்ன என்று அதற்குத் தெரியாது. எக்கோ, வால்வுகளையும் இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதையும் காட்டும், குழாய் அடைப்பை நேராகக் காட்டாது. ட்ரோபோனின் என்பது ரத்தப் பரிசோதனை, இதயத் தசை சேதமானால் கசிகிற புரதத்தைத் தேடுவது. வலி வந்து சில மணி நேரம் போன பிறகுதான் அது ஏறும் என்பதால் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுப்பார்கள், நள்ளிரவில் போய் முதல் ரிசல்ட் நார்மல் என்றதும் கிளம்பி வந்துவிட்டு வழியெல்லாம் "ரெண்டாவது எடுக்கலியே" என்று புழுங்கியதும் நான்தான். டிஎம்டி, மேடேறுகிற மாதிரி நடக்கவிட்டு, உழைக்கும்போது இதயம் எப்படி என்று பார்ப்பது. சிடி ஆஞ்சியோ, சாய மருந்து ஏற்றிக் குழாய்களையே படம் பிடிப்பது. அதில் கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அந்தச் சாயத்தை யோசித்துத்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

என் இரண்டாவது டிஎம்டியில் லேசாக மாற்றம் இருக்கிறது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை, மாதத்துக்கு ஒரு தடவை போய் நின்று எடுங்கள் எடுங்கள் என்றவள் நான். ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, டிஎம்டி இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது உண்டு என்று அப்புறம் ஒரு டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்தது இப்படி. ஐப்பசியில் பொதிகை மேல் மேகம் கறுத்தால் குடை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மாசியில் அதே மேகத்தைப் பார்த்துக் குடை எடுத்தால் பெரும்பாலும் வெறுமனே சுமந்துவிட்டு வர வேண்டியதுதான். மேகம் ஒன்றுதான், மாதம் வேறு. அறுபது வயது, சர்க்கரை, பீடிப் பழக்கம் உள்ள ஒருவருக்கு வருகிற 'மாற்றம்' வேறு, என்னைப் போன்றவளுக்கு வருவது வேறு.

ஆனால் மாற்றம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு தூங்க முடியுமா? வளையலை அடகு வைத்து ஆஞ்சியோகிராம் எடுத்தேன். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் அன்றைக்குச் சாந்தி ஸ்வீட்ஸ் அல்வா வாங்கி வந்தார். நிம்மதி எத்தனை நாள் தெரியுமா, 19 நாள். இருபதாவது நாள் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நினைப்பு, எடுத்தபோது இல்லை சரி, எடுத்த பிறகு வந்திருந்தால்?

மறைந்திருக்கும் செலவு இதுதான். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் மனதுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது, நிம்மதி வேண்டுமா, டெஸ்ட் எடு. அடுத்த தடவை அதற்குக் கொஞ்சம் பெரிய டெஸ்ட் தேவைப்படுகிறது. ஈசிஜியில் அடங்கியது எக்கோவில் அடங்காது, எக்கோவில் அடங்கியது ஆஞ்சியோவில்கூட அடங்காது.

இது சரியான வழியாகிற சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அறிகுறி பழையது இல்லை, புதிது. உழைக்கும்போது வருகிறது. சர்க்கரையோ அழுத்தமோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அல்லது நீங்கள் கேட்காமலே டாக்டர் எழுதுகிறார். அப்போது தள்ளிப்போடாதீர்கள், பயந்தவர்களுக்கும் நோய் வரும்.

## வழி 2: வாட்ச், பிபி மெஷின், விரலில் மாட்டுவது

செலவு ஒரு தடவைதான், வீட்டிலேயே பார்க்கலாம் என்று தோன்றும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்தது.

நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60-லிருந்து 100-க்குள் எங்கேயும் இருக்கலாம். ஒரு காப்பிக்கு ஏறும், படிக்கு ஏறும், வாட்ச்சைப் பார்க்கிறோம் என்பதற்கே ஏறும். 88 என்று பார்ப்பேன், ஏன் 88 என்று யோசிப்பேன், யோசித்ததில் 96 ஆகும், அப்புறம் 108. நடுவில் ஒரு துடிப்பு தவறியது போல 'டொக்' என்று அடிக்கும். அது கொஞ்சம் முந்தி வருகிற துடிப்பு, அதற்கடுத்த இடைவெளி நீளமாகி அடுத்தது பலமாக அடிப்பதால் நமக்குத் தெரிகிறது, நல்ல இதயத்திலேயே பெரும்பாலோருக்கு அவ்வப்போது வருவதுதான். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வருடம் ஆனது. சில வாட்ச்கள் ஒரு மாதிரியான ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்கும், அது நல்ல விஷயம்தான், ஆனால் மாரடைப்பை அவை கண்டுபிடிக்காது. நாம் வாங்குவதோ அதற்காக.

பிபி மெஷின் கதை இன்னும் மோசம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். பயத்தில் ஓடிவந்து பட்டையைக் கட்டினால் 150 காட்டாமல் என்ன காட்டும்? ஒரு நாள் மகள் எண்ணினாள், நான் 31 தடவை எடுத்திருக்கிறேன். மறுநாள் மெஷின் அரிசி டிரம்மில் ஒளிந்துகொண்டது, யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கூகுளில் தேடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும், காசில்லாத மெஷின், அவ்வளவுதான்.

டாக்டர் "ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிக் கொண்டாங்க" என்று சொன்னால் மெஷின் வாங்குங்கள், அந்த வாரம் முடிந்ததும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். துடிப்பு ஒழுங்கில்லை என்ற சந்தேகத்தில் டாக்டரே வாட்ச் சொன்னாலும் சரி. மற்றபடி இந்தப் பயம் உள்ளவர்கள் கைக்கு இது ஆகாது.

## வழி 3: ஒரே டாக்டர், முன்கூட்டியே குறித்த தேதி

நம் பக்கத்தில் கைராசி டாக்டர் என்று ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. அவரையே பிடித்துக்கொள்வது. ஒரு வித்தியாசத்தோடு, வலி வந்தால் போவது இல்லை, தேதி வந்தால் போவது. எனக்கு முதலில் மாதம் ஒரு தடவை, இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. நன்றாக இருந்தாலும் போக வேண்டும், பயந்து கிடந்தாலும் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும், 108 கணக்கில் வருகிற அறிகுறிகளைத் தவிர. நடுவில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன், பழைய அளவு நோட்டுதான், இடுப்பு 34, தோள் 14, நெஞ்சு குத்தல் செவ்வாய் ராத்திரி என்று கலந்து கிடக்கும். போகிற தேதியில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எனக்கே நினைவில்லை.

உண்மை நோயைப் பிடிப்பதில் இதுதான் முதலிடம் என்று நினைக்கிறேன். ஆறு இடத்தில் ஆறு டாக்டர் என் ஆறு துண்டைப் பார்ப்பதைவிட, ஒருவரே என் மூன்று வருட அழுத்தத்தையும் எடையையும் கொழுப்பையும் பார்த்தால் அவருக்கு ஏதாவது மாறினால் தெரியும். செலவும் குறைவு. அழுத்தமும் சர்க்கரையும் உள்ள வீடுகளில் 2021-லிருந்து நடக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு ஏமாற்று இதில் உண்டு. அவர் ஒன்றுமில்லை என்றதும் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இன்னொருவரிடம் ரகசியமாகப் போய்க் கேட்டால் இந்த வழி அங்கேயே செத்துவிட்டது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். அப்புறம் டாக்டர் அமைய வேண்டும். "ஒண்ணுமில்லம்மா, போ" என்று தலை நிமிராமல் சொல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்கு வேண்டாம்.

## வழி 4: பேச்சு சிகிச்சை

நான் கடைசியாகப் போன இடம். முதலில் போயிருந்தால் வளையல் கையில் இருந்திருக்கும்.

"தலைக்கு ஏதும் ஆயிட்டா ஒனக்கு?" என்று மயினி கேட்டாள். கேலிக்கு இல்லை, பயந்துதான் கேட்டாள். ஊரில் மனநல டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். நான் பாளையங்கோட்டையில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் முதல் மூன்று தடவை போனேன், செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, இறங்கி, டவுன் பஸ் பிடித்து. துணி எடுக்கப் போனவள் வெறுங்கையோடு வந்தால் கேட்பார்களே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு லைனிங் துணி வேறு, அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் பலர் போவதில்லை. பொதுவாக அறிவுரை சொல்லி அனுப்புவார்கள் என்று நினைத்தேன், அப்படி இல்லை. இந்தப் பயத்துக்கு அதிகமாக ஆராயப்பட்ட முறை சிபிடி என்கிறார்கள், எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பிடித்து மாற்றுவது. முதல் நாள் ஒரு வட்டம் போடச் சொன்னார்கள். நெஞ்சில் ஒரு குத்தல், உடனே "அம்மாவுக்கு வந்தது" என்ற நினைப்பு, உடனே படபடப்பு, உடனே நாடி பார்ப்பது, வீட்டுக்காரரிடம் "கை வச்சுப் பாருங்க, வேகமா அடிக்குதா" என்று கேட்பது, அவர் இல்லை என்பது, கொஞ்சம் நிம்மதி, மறுபடி குத்தல். வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வட்டத்தில் இதயம் செய்கிற வேலை கால்வாசி, என் கை செய்கிற வேலை முக்கால்வாசி.

அப்புறம் வேலைகள். நாடி பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போடு, அடுத்த வாரம் இருபது. வீட்டுக்காரர் பதில் சொல்லக் கூடாது, "அதைப் பத்தி நான் பேசுறதில்லைன்னு சொல்லிட்டாங்கள்ல" என்று மட்டும் சொல்ல வேண்டும் (பாவம், அதற்கு அவர் பட்ட பாடு). ஒரு நாள் அறையிலேயே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், இதயம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு பார்த்த பிறகுதான். தலை கிறுகிறுத்தது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்தது, நெஞ்சு அடித்தது. நடுராத்திரி எனக்கு வருகிற அதே 'அட்டாக்', அச்சு அசல். அளவுக்கு மீறி மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படித்தான் ஆகும் என்றார்கள். ஆறு வருடம் எமன் என்று நினைத்ததை நானே நாற்காலியில் உட்கார்ந்து வரவழைத்துவிட்டு, ரெண்டு நிமிடத்தில் தண்ணீர் குடித்தேன். பீதித் தாக்குதல் என்பது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் அரை மணி வாக்கில் வடிந்துவிடும் என்பதை அவர்கள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், என் உடம்பு காட்டியதால் நம்பினேன்.

கடினமானது அதுவல்ல. பத்தாவது தடவையோ என்னவோ, அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். அதை இங்கே எழுதவில்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால், முதல் நான்கைந்து வாரம் பயம் கூடும். பார்க்காதே என்றால் கை துறுதுறுக்கும், தூக்கம் இன்னும் கெடும், இத்தோடு போதும் என்று பாதியில் நிறுத்துபவர்கள் அந்த நேரத்தில்தான் நிறுத்துகிறார்கள். எனக்கு மொத்தம் 14 தடவை, தனியாரிடம், ஆஞ்சியோகிராமுக்கு ஆனதைவிடக் குறைவு. ஹைகிரவுண்டில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை, ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவர்களுக்கு லேசான காரியம் இல்லை, அதனால் காத்திருக்கத் தயாராகப் போங்கள். வாசலில் கால் வைக்கவே கூச்சமாக இருப்பவர்களுக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ், 2022-ல் தொடங்கியது, இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். வீரவநல்லூர் அக்காவுக்கு நான் முதலில் கொடுத்தது அந்த நம்பரைத்தான். தனியாரிடம் போகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள், உடல்நோய் பயத்துக்கு சிபிடி முறையில் செய்வீர்களா, வீட்டுப்பாடம் கொடுப்பீர்களா என்று. வெறுமனே ஆறுதல் சொல்லி அனுப்புகிற இடம் என்றால் அதுவும் வட்டத்தில் இன்னொரு புள்ளிதான்.

## வழி 5: மாத்திரை

இதில் என் அனுபவம் எட்டு மாதம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல டாக்டர் எழுதுகிற எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் வகைகள் தூக்க மாத்திரை இல்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதல் வாரங்களில் குமட்டலும் கூடுதல் படபடப்பும் வரலாம், இந்தப் பயம் உள்ளவர்களுக்கு அதுவே பெரிய சோதனை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்கலாம். சரியாகிவிட்டது என்று நாமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

தெரிந்த மெடிக்கலில் வாங்குகிற அல்பிரசோலம் வேறு ரகம். அரை மணியில் அடங்கும், அதனால்தான் ஆபத்து, பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. படபடப்புக்குக் கொடுக்கிற ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்குகிற பழக்கம் நம்ம ஊரில் இருப்பதால் சொல்கிறேன்.

தூக்கமே போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, மனம் விட்டுப் போய்விட்டது என்கிற நிலையில் மாத்திரை முதலில், பேச்சு அப்புறம். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க முடியாது.

## வழி 6: நடை, மூச்சு, பாட்டி வைத்தியம்

நடை இதயத்துக்கும் நல்லது, பயத்துக்கும் நல்லது, சந்தேகமில்லை. நான் காலையில் கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி மைதானம் இருக்கிறது. நெஞ்சு அடித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதைத் தினமும் உடம்புக்குக் காட்டுகிற வேலையும் அதில் சேர்ந்தே நடக்கிறது. ஆனால் தனியாக நடந்தால் விழுந்துவிடுவேனோ என்று துணை தேடுவதும், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நடப்பதும் நடை இல்லை, அது நடமாடுகிற டிஎம்டி.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சி அடைப்பைக் கரைக்கிற மருந்து என்று எனக்குக் குறைந்தது பதினைந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். அடைப்பை அது கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடித்தால் குடியுங்கள், அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், சிலருக்கு அது நெஞ்சு கரிப்பைக் கூட்டி இன்னொரு ஈசிஜிக்கு அனுப்பி வைக்கும். சுக்குத்தண்ணியைப் பற்றி நான் பேச ஆள் இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | நோய் இருந்தால் பிடிக்குமா | எனக்கு நிம்மதி நின்றது | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| மறுபடி டெஸ்ட் | சரியான காரணத்துக்கு எடுத்தால் | அதிகபட்சம் 19 நாள் | தப்பான எச்சரிக்கை, அடுத்த டெஸ்ட் |
| வாட்ச், மெஷின் | துடிப்புக் கோளாறு, அழுத்தம் மட்டும் | சில நிமிடம் | நாள் முழுவதும் அதே நினைப்பு |
| ஒரே டாக்டர் | நன்றாக | தேதி முதல் தேதி வரை | ரகசியமாக வேறிடம் போகாத கட்டுப்பாடு |
| பேச்சு சிகிச்சை | பிடிக்காது, அதன் வேலையும் அது இல்லை | இரண்டு வருடமாகப் பெரும்பாலும் | முதல் மாதக் கஷ்டம், பயணம், ஊர்ப் பேச்சு |
| மாத்திரை | பிடிக்காது | எடுத்த காலமும் கொஞ்சம் பிறகும் | பக்கவிளைவு, நிறுத்தும்போது கவனம் |
| நடை | பிடிக்காது, வருவதைத் தள்ளிவைக்க உதவும் | அன்றைக்கு | துணை தேடும் பழக்கம் |

## யாருக்கு எது

அட்டவணையைப் பார்த்தால் தெரியும், எந்த ஒரு வழியும் இரண்டு வேலையையும் செய்வதில்லை. இதயம் சரியா என்பது ஒரு கேள்வி, இந்தப் பயத்தை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான பதிலை வைத்து இன்னொன்றை அடைக்கப் பார்த்ததில்தான் என் காசு போனது. அதனால் என் கணக்கு 3-ம் 4-ம் சேர்ந்தது, இதயத்துக்கு ஒரு டாக்டர், பயத்துக்கு ஒரு இடம், இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசு இறுக்கம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர், 14416, காலை நடை. சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக்காரர், வீட்டில் மாரடைப்பு வரலாறு வேறு இருக்கிறது என்றால் முதல் வழியைக் கேலியாக ஒதுக்காதீர்கள், இதய டாக்டர் ஒரு தடவை முழுசாகப் பார்த்து இனி எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எது எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும், அதற்கு மேல் எடுக்காதீர்கள். முப்பது வயது, எல்லாம் நார்மல், வாட்ச் கட்டியிருக்கிறீர்கள் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். இது எதுவும் இல்லை, வீட்டில் ஒருவர் பயந்து கிடக்கிறார், நீங்கள்தான் நாள் முழுவதும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்பவர் என்றால், நாலாவது வழிக்கு அவரோடு நீங்களும் ஒரு தடவை போக வேண்டும்.

என் தையல் மெஷினில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அமுக்கும் வலி, பரவினால், வியர்த்தால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் 108. இல்லையென்றால் இந்தத் தையலை முடி. அப்புறமும் இருந்தால் நோட்டில் எழுது. போன மாதம் நோட்டில் நான்கு வரி, அதில் ஒன்று வாயு, அதை வாயு என்றே எழுதியிருக்கிறேன்.

போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறை வரை போய்க் குளித்துவிட்டு, மற்றவர்கள் மேலே வேன் ஏறியதும் நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். இந்த வருடம் காரையாறு வருகிறாயா என்று இப்போதே வீட்டில் கேட்கிறார்கள். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் வாய் முதலில் கேட்டது அங்கே போன் சிக்னல் கிடைக்குமா என்றுதான்.